நடுவே ஒரு துளைத்தட்டு

கன்சாஸில் ஏப்ரல் மாதம்.
கோதுமை இன்னும் முழங்காலை எட்டவில்லை.
மேய்ச்சல் நிலத்தின் ஓரம் வேனை நிறுத்தி
பின்கதவைத் தூக்கி வைத்து
மோட்டார் விற்றுக்கொண்டிருந்தேன்,
ஜே, கே, எல் என்று எழுத்து வாரியாக.
ஓர் எழுத்து ஏறினால் உந்தம் இரட்டிப்பு,
விலையும் ஏறக்குறைய அப்படித்தான்.

டார்லா உன்ரு வந்தாள்.
அவள் தோளில், அவளைவிட உயரமாய், ஒரு மஞ்சள் ராக்கெட்.
"ஹைப்ரிட் வேண்டும்."

நான் நேர்மையான வியாபாரி,
அதாவது, லாபம் எதில் என்பதை
முகத்தில் மறைக்கத் தெரியாதவன்.
திட மோட்டாரை எடுத்து அவள் கையில் வைத்தேன்.
திணி, திரியைச் செருகு, பொத்தானை அழுத்து.
வேலை முடிந்தது.

ஹைப்ரிட் என்பது குடித்தனம் அம்மா.
எரிபொருள் ஒரு வீட்டில்,
அதை எரியவைக்கும் வாயு இன்னொரு வீட்டில்,
நடுவே ஒரு துளைத்தட்டு.
தொட்டி நீளம், அதனால் ராக்கெட்டும் நீளம்,
எடை கூடுதல், எட்டும் உயரம் குறைவு.
சிலிண்டர், குழாய், வால்வு,
இத்தனைக்கும் கம்பி இழுக்க ஒரு பெட்டி.
வாயு குளிரில் சோம்பும்,
வெயிலில் தொட்டியை முட்டும்.
இணைப்பில் ஒரு சொட்டு கிரீஸ் தங்கினாலும்
அப்புறம் உன்னை அடையாளம் காட்ட
பல் மருத்துவரைத்தான் கூப்பிட வேண்டும்.

"நான் பல் மருத்துவமனையில்தான் வேலை செய்கிறேன்" என்றாள்.
சிரிக்கவில்லை.
"அந்த வாயுவைத்தான் வாரம் ஐந்து நாள்
யார் மூக்கிலாவது வைக்கிறேன்.
போதும் என்று கை தூக்குவார்கள்.
திருகை மூடுவேன்."

பிறகு திட மோட்டாரைத் திருப்பிப் பார்த்தாள்,
மீன் வாங்குகிறவள் செவுளைப் பார்ப்பதுபோல.
"இதற்குள் இரண்டும் கலந்தே இருக்கிறது, இல்லையா?
எரிவதும், எரிப்பதும்,
ஒரே உடம்பில்?"

ஆமாம்.

"வீட்டு அலமாரியில் இருக்கும்போதும்?"

ஆமாம். பொறி படாதவரை ஒன்றும் ஆகாது.

"அப்படி ஒருவரோடு
பதினோரு வருடம் இருந்தேன்" என்று சொல்லி
மோட்டாரை என் மேஜையில் வைத்தாள்,
சத்தம் வராமல்.

கருப்பு ரப்பர் எரிபொருள் இரண்டு எடுத்துக்கொடுத்தேன்.
தனியே கிடந்தால்
செருப்புக்கு அடியாகப் போடலாம், அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு அவள் முறை.
சிலிண்டருக்குக் குழந்தைப் போர்வை சுற்றியிருந்தாள்.
முந்நூறடி தள்ளி நின்று வால்வைத் திறந்தாள்.
தொட்டி நிறைய நிறைய
வாயு குழாயில் உறுமியது.
கழுத்துத் துளையில்
முதலில் ஒன்றுமில்லை,
பிறகு வெள்ளையாய் ஒரு கீற்று:
நிறைந்துவிட்டது.

அப்போதுதான் காற்று எழுந்தது.
கொடி விறைத்து நின்றது.
மெல்வின் ஷ்ராக் காற்றுமானியைப் பார்த்து
"பத்தொன்பது" என்றார்.
விதிப்படி இருபது வரை போகலாம்.
எல்லோரும் எழுந்து நின்றிருந்தோம்,
கைபேசிகள் தயார்,
எங்கள் கழுத்தெல்லாம் ஏற்கெனவே மேலே.

டார்லா சிவப்புப் பொத்தானை விட்டுவிட்டு
பக்கத்திலிருந்த சின்ன விசையைத் தட்டினாள்.

இரண்டு நிமிடம், வெள்ளை மேகம்
புல்மேல் படுத்துப் போனது.
வேலிக்கு அப்பால் ஒரு பசு
தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்
தன் வேலையைத் தொடர்ந்தது.
எண்பது டாலர் வாயு.
ஞாயிற்றுக்கிழமை நிரப்பித் தர
பந்தயக் கார்க் கடை திறந்திருக்காது.

"பத்தொன்பதுதானே" என்றேன்,
குழாய் சுருட்ட உதவப் போனபோது.
"ஆமாம்" என்றாள். "பத்தொன்பதுதான்."
தட்டில் இருந்த ருபார்ப் பையில்
பாதியை எனக்குத் தந்தாள்.

இரவு மோட்டலில் கணக்குப் பார்த்தேன்.
விற்காமல் மிஞ்சியது இருபத்தாறு, எல்லாம் திடம்.
வேன் என் ஜன்னலுக்கு நேர் கீழே நிற்கிறது,
பதினாறு வருடமாய் அங்கேதான் நிறுத்துகிறேன்.
விளக்கை அணைத்தேன். திரும்பிப் படுத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
சாவியை எடுத்துக்கொண்டு
செருப்பில்லாமல் இறங்கிப் போய்
வேனை மைதானத்தின் அந்தக் கோடியில்
நிறுத்திவிட்டு வந்தேன்.